மூஸ் வாரத்தில் ஒரு கப்பல்

செட்-ஈல் ஊரில் வேலை கிடைப்பதுதான் கஷ்டம். அறிவுரை தெருவுக்குத் தெரு கிடைக்கும், அதுவும் சும்மா கிடைக்கும். பயோடேட்டாவில் போட்டோ ஒட்டாதே. அக்டோபருக்குள் குளிர்கால டயர் மாட்டு. தேவாலயத்துக்குப் போ, நாலு பேர் பழக்கமாவார்கள். ஆனால் தேவாலயத்துக்குப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதே, ஒரு மாதிரி பார்ப்பார்கள். டோகோவிலிருந்து குடியேறி வந்த எட்டு மாதமாக அயித்தே எல்லாவற்றுக்கும் தலையாட்டி, எல்லாவற்றையும் செய்து பார்த்து, கடைசியில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தான்.

மடிக்கிற கை சாதாரணக் கை இல்லை. டோகோ நாட்டில் பாஸ்பேட் துறைமுகத்தில் பதினொரு வருடம் லோடர் ஓட்டிய கை அது. லோடர் என்றால், கரையில் நின்றபடி கப்பலுக்கு மேலே நீளக் கையை நீட்டி, பெல்ட்டில் ஓடிவரும் தாதுவைக் கப்பலின் அறைகளுக்குள் கொட்டுகிற ராட்சத எந்திரம். செட்-ஈலிலும் அதே எந்திரம்தான் இருக்கிறது. இங்கே கொட்டுவது இரும்புத் தாது, அவ்வளவுதான் வித்தியாசம். சலவைக்கூடத்து ஜன்னலைத் திறந்தால் அதன் மஞ்சள் கை தெரியும். அதனால் அயித்தே அந்த ஜன்னலைத் திறப்பதே இல்லை. திறந்தால் வயிற்றெரிச்சல்.

“இங்கத்திய அனுபவம் இல்லையே” என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட்டார்கள். வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும் என்று கேட்டால், அதற்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். அந்த ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியாத நல்ல மனிதர்கள், அதுதான் பெரிய தொல்லை.

மனைவி டெலாலிக்கு வந்த மூன்றாம் வாரமே முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துவிட்டது. மகள் எஸி பள்ளியில் இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே மூக்கால் பிரெஞ்சு பேச ஆரம்பித்துவிட்டாள். மாண்ட்ரியலில் டெலாலியின் அண்ணன் ஒரு பிஸ்கெட் தொழிற்சாலையில் மேஸ்திரி. அயித்தேவுக்கு அங்கே இடம் வைத்திருந்தான், செப்டம்பர் பதினைந்துக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தான். அதற்குள் துறைமுகத்தில் வேலை கிடைக்கவில்லை என்றால் மூட்டை கட்டவேண்டியதுதான். கிரீம் பிஸ்கெட்டுக்கு நடுவில் கிரீம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஆயுசு முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு அதிசயம். தாதுத் துறைமுகத்தில் லோடர் ஓட்டும் ஆள் ஒருவர் ஓய்வு பெற்றார், இன்டர்வியூவுக்கு அயித்தேவுக்கு அழைப்பு வந்தது. சந்தோஷத்தில் அவன் செய்த முதல் தப்பு, அதை ஹைதமிடம் சொன்னது.

ஹைதம் துனீசியாக்காரன். மூன்று வருடமாகக் கடற்கரையில் இறால் ரொட்டிக் கடையில் வேலை. துறைமுகத்துக்குள் ஒரு நாள்கூடக் காலடி வைத்தவன் இல்லை. ஆனால் துறைமுகத்தில் வேலை வாங்குவது எப்படி என்று வகுப்பெடுக்க அவனை விட்டால் ஆள் கிடையாது.

“அண்ணே, உன் சர்டிபிகேட்டையெல்லாம் சுருட்டிக் கடல்ல போடு” என்றான், இறால் பொரித்த எண்ணெய்க் கையோடு. “இவனுங்க அதைப் பார்க்க மாட்டானுங்க. இவன் நம்ம ஆளான்னு மட்டும்தான் பார்ப்பானுங்க. லீவு நாள்ல என்ன பண்ணுவேன்னு கண்டிப்பா கேட்பானுங்க. நீ என்ன சொல்லுவ?”

“வீட்ல இருப்பேன். எஸிக்கு கணக்கு சொல்லிக்கொடுப்பேன்.”

“போச்சு! வேலை போச்சு!” ஹைதம் நெற்றியில் அடித்துக்கொண்டான். “மூஸ் வேட்டைன்னு சொல்லு, அதான் அந்தக் குதிரை உயரக் காட்டு மான். இந்த ஊர்ல பொண்ணு கேட்டுப் போனாக்கூட மூஸ் சுட்டிருக்கியான்னுதான் கேப்பாங்க. மூஸ் வேட்டைன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாரு, எழுந்து வந்து கட்டிப்பிடிச்சுக்குவானுங்க.”

“நான் மூஸைப் பார்த்ததுகூட இல்லையேடா.”

“அவங்க மட்டும் உன் கப்பலைப் பார்த்தாங்களா? அப்படியும் நீ சொன்னதை நம்பி இன்டர்வியூவுக்குக் கூப்பிடலையா?”

பதில் இல்லாத கேள்வியைக் கேட்டவன் சொல்வதெல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வது அயித்தேவின் பழைய வியாதி. ஹைதம் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினான். இலையுதிர் காலத்தில் பெட்டை மூஸ் ஆண் மூஸைக் கூப்பிடுகிற சத்தம். வேட்டைக்காரர்கள் கையைக் குவித்து வாயருகே வைத்து அதே மாதிரி கூப்பிட்டு அதை வரவழைப்பார்கள். அயித்தே தன் சொந்த ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவில் கட்டைக்குரல் பாடியவன். இரண்டாவது தடவையே அச்சு அசலாக வந்துவிட்டது. ரொட்டிக்காக வரிசையில் நின்ற மூன்று கிழவர்கள் திரும்பிக் காட்டுப் பக்கம் பார்த்தார்கள்.

இன்டர்வியூ செய்தவர்கள் இரண்டு பேர். அலுவலகப் பெண் மரீஸ், பேனாவும் படிவமுமாக. லோடர் பகுதியின் ஃபோர்மேன் கிளெர்மோன் ஜோம்ஃப், கொஞ்சம் தொந்தியும் ரொம்ப மீசையுமாக.

“முசியே ஜோம்ஃப்...” என்று அயித்தே ஆரம்பித்தான்.

“முசியேவும் வேண்டாம் கிசியேவும் வேண்டாம். கிளெர்மோன்னு கூப்பிடு. பாஸ்பேட்தானே ஏத்தியிருக்கே? இரும்புத் தாதுவை எப்படி ஏத்துவே?”

“பாஸ்பேட் அறை நிறைய நிக்கும். இரும்பு அப்படி இல்ல, கனம் ஜாஸ்தி. அறை முக்கால்வாசி காலியாத்தான் தெரியும், ஆனா கப்பல் கழுத்து வரைக்கும் முங்கியிருக்கும். அறையைப் பார்த்து ஏமாறக் கூடாது. கப்பல் எவ்வளவு முங்கியிருக்குன்னு காட்டுமே, வெளியில அந்த ஆழக் கோட்டைப் பார்க்கணும். ஒரே அறையில கொட்டிக்கிட்டே இருந்தா கப்பல் முதுகு வளைஞ்சிடும். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், நடுவுல கொஞ்சம்.”

கிளெர்மோன் மரீஸைப் பார்த்தார். மீசைக்குள் ஒரு சிரிப்பு ஏறி உட்கார்ந்தது. இன்னும் நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் அவன் கப்பல் ஏற்றுகிற நிதானத்தோடு பதில் சொன்னான். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஏதோ ரகசியம் கேட்கிற மாதிரி கேட்டார்:

“அப்புறம் தம்பி, ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவே? இலையுதிர் காலத்துல, சும்மா ஒரு பேச்சுக்கு, அக்டோபர் மாசம்னு வெச்சுக்கோயேன்?”

அடடா, ஹைதம் தீர்க்கதரிசி என்று நினைத்துக்கொண்டான் அயித்தே.

“மூஸ் வேட்டை!” என்றான். “உயிர் எனக்கு அது!”

ஃபோர்மேனின் மீசை அப்படியே கீழே இறங்கியது. “வேட்டையா?” என்றார் சன்னமாக. “ஊருக்கு வந்து எட்டு மாசம்தானே ஆகுது?”

ஆள் நம்பவில்லை போலிருக்கிறது என்று அயித்தேவுக்குப் பயம் வந்துவிட்டது. இரண்டு கையையும் வாயருகே குவித்தான், கண்ணை மூடினான், அடிவயிற்றிலிருந்து ஒரு கூப்பாடு போட்டான். பக்கத்து அறையிலிருந்து கணக்குப்பிள்ளை எழுந்து ஓடிவந்தார். வாசலில் நின்ற லாரி ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுத்தார். மரீஸ் கைதட்டினாள்.

கிளெர்மோன் கைதட்டவில்லை. “நல்லா கூப்பிடறே” என்றார், சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரலில். “ரொம்ப நல்லா கூப்பிடறே தம்பி. நாங்க சொல்லியனுப்பறோம்.”

சொல்லியனுப்பவில்லை. ஒரு வாரம் போனது. பத்து நாள் போனது. அயித்தே மறுபடி ஜன்னலைத் திறக்காமல் விரிப்பு மடித்தான். அவசரப்படாதே அண்ணே, பெரிய இடம், மெதுவாகத்தான் கூப்பிடுவார்கள் என்று ஹைதம் தைரியம் சொன்னான்.

செப்டம்பர் பதிமூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, டெலாலி வேலையிலிருந்து வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் வந்து நின்றாள். இடுப்பில் கை. அந்தக் கை அங்கே போனால் விஷயம் சாதாரணமானது இல்லை.

“எஸி அப்பா, நீங்க வேட்டைக்காரரா?”

அயித்தே விழித்தான்.

“பக்கத்து வீட்டு நாய் குரைச்சா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போற ஆளு நீங்க. நீங்க மூஸ் சுடுவீங்களா?”

“யார் சொன்னா?”

“என்கூட வேலை பார்க்கற மர்ஜொலேன். அவ புருஷன்தான் உங்களை இன்டர்வியூ பண்ண கிளெர்மோன். இன்னைக்கு ரொட்டி தின்னுக்கிட்டே சொல்றா: ‘எங்க ஆளு பாவம் டெலாலி, தூக்கமே இல்ல. லோடரைத் தூக்கத்துலகூட ஓட்டற மாதிரி ஒரு ஆப்பிரிக்காக்காரன் வந்தானாம். ஆனா அவனும் வேட்டைப் பைத்தியமாம். எடுக்க முடியலையேன்னு புலம்பறாரு’ன்னு. எனக்கு வாயில போட்ட ரொட்டி உள்ளே போகல.”

விஷயம் இதுதான். அக்டோபர் இரண்டாவது வாரம் மூஸ் வாரம். அந்த வாரம் ஊரில் பல் வைத்தியரும் இருக்கமாட்டார், குழாய் ரிப்பேர்காரரும் இருக்கமாட்டார். துறைமுகத்தின் பெரிய அதிகாரியே முதல் நாள் சாயங்காலம் காட்டுக்குள் மறைந்துவிடுவார். லோடர் ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் வேட்டைக்காரர்கள், அத்தனை பேருக்கும் அந்த லீவு சங்க ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தானது. கப்பலுக்கு இதெல்லாம் தெரியாதே. அது பாட்டுக்கு வந்து நிற்கும். பகல் ஷிஃப்ட் மட்டுமாவது யாராவது ஓட்டவேண்டும். பதினாறு வருடமாக அதை ஓட்டுவது ஃபோர்மேன் கிளெர்மோன். பதினாறு வருடமாக அவர் வேட்டைக்குப் போகவில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு, மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்.

“அவருக்கு வேண்டியது வேட்டைக்குப் போகாத ஆளு” என்றாள் டெலாலி. “ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத ஆளு. நம்ம வீட்ல ஒண்ணு சும்மா உக்காந்திருந்துச்சு. அதைப் போய் அந்த இறால்காரன் கெடுத்து வெச்சிருக்கான்.”

அயித்தே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை பிஸ்கெட்டுக்குப் பதில் சொல்லியாகவேண்டும். உண்மையைப் போய்ச் சொன்னால் பொய்யன் என்று பெயர். சொல்லாவிட்டால் வேட்டைக்காரன் என்று பெயர். இரண்டு பெயரில் எது குறைந்த அவமானம் என்று யோசித்துப் பார்த்தான். இரண்டும் கேவலமாகத்தான் இருந்தது.

“போய் உண்மையைச் சொல்லுங்க” என்றாள் டெலாலி. “மாண்ட்ரியல் எங்கேயும் ஓடிடாது.”

சனிக்கிழமை மத்தியானம் ஹைதம்தான் காரில் கிளெர்மோன் வீட்டில் கொண்டுபோய் விட்டான். நானும் வந்து பேசட்டுமா என்று கேட்டான். “நீ கண்ணாடியை இறக்கினாலே கொன்னுடுவேன்” என்று சொல்லிவிட்டு அயித்தே இறங்கினான்.

கிளெர்மோன் கார் ஷெட்டில் இருந்தார். மேஜைமேல் துப்பாக்கி. கையில் எண்ணெய்த் துணி. அயித்தேவைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சங்கடம்.

“முசியே ஜோம்ஃப், நான் பொய் சொல்லிட்டேன்” என்றான் அயித்தே, வாசலில் நின்றபடியே, மூச்சு விடாமல். “எனக்கு வேட்டை தெரியாது. மூஸைப் படத்துலதான் பார்த்திருக்கேன். வேலை கிடைக்கும்னு ஒருத்தன் சொல்லிக்கொடுத்தான், சொன்னேன். எனக்கு வெட்கமா இருக்கு. வேலை குடுக்காட்டிப் பரவாயில்ல. லோடரைப் பத்திச் சொன்னது எல்லாம் சத்தியம்.”

கிளெர்மோன் துணியை வைத்தார். நம்பாமல் தலையை ஆட்டினார்.

“மர்ஜொலேன் வாயைத் திறந்துட்டாளா? தம்பி, செப்டம்பர்ல வேலை கேட்டு வர்றவன் எல்லாம் வேட்டை தெரியாதுன்னுதான் சொல்லுவான். போன வருஷம் கயேத்தான்னு ஒருத்தனை எடுத்தேன். கறியே தொடமாட்டேன், பருப்பும் கீரையும்தான்னான். அக்டோபர் எட்டாம் தேதி அத்தை செத்துட்டாங்கன்னு லீவு. பத்தாம் தேதி பார்க்கறேன், அவன் வண்டிக் கூரைமேல அத்தை போகுது, ரெண்டு பக்கமும் கொம்போட!”

“நான் கயேத்தான் இல்லையே!”

“கயேத்தானுக்குக் கூப்பிடக்கூட வராது. உன் கூப்பாட்டைக் கேட்டு எனக்கே காட்டுக்கு ஓடணும்போல இருந்துச்சு. வேட்டை தெரியாதவன் அப்படிக் கூப்பிடுவானா? யாரை ஏமாத்தப் பார்க்கறே?”

பாருங்கள் கூத்தை. வேட்டைக்காரன் என்று பொய் சொன்னபோது ஒரே நிமிடத்தில் நம்பிய மனிதர், இல்லை என்று உண்மை சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார். தெரியும் என்று நிரூபிக்கலாம். தெரியாது என்பதை எந்த சர்டிபிகேட்டைக் காட்டி நிரூபிப்பது?

“கேளுங்க” என்றான் அயித்தே, ரோஷம் வந்துவிட்டது. “மூஸைப் பத்தி என்ன வேணா கேளுங்க.”

கிளெர்மோன் மீசையைத் தடவினார். “சரி. பெட்டை மூஸுக்குக் கொம்பு எப்படி இருக்கும்?”

அயித்தே யோசித்தான். அவனுடைய ஊரில் பசுவுக்கும் கொம்பு உண்டு, காளைக்கும் உண்டு. “சின்னதா இருக்கும். உள் பக்கமா வளைஞ்சு.”

கிளெர்மோனின் உதடு துடித்தது. “எப்போ சுடுவே?”

“தூங்கும்போது. அப்பத்தானே ஆடாம இருக்கும்?”

“கடவுளே!” கிளெர்மோன் சிலுவை போட்டுக்கொண்டார். அதோடு நிற்காமல் பூசைப் பாத்திரம், அப்பப் பேழை என்று தேவாலயச் சாமான்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திட்டினார். அந்தக் கரையில் அவைதான் கெட்ட வார்த்தை, சந்தோஷம் வந்தாலும் அப்படித்தான் திட்டுவார்கள். “சுட்டாச்சு. நானூறு கிலோ. காட்டுக்குள்ள கிடக்குது. எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவே?”

அயித்தேவுக்கு இது கொஞ்சம் கஷ்டமான கேள்வி. “கார்ல இருக்கற ஹைதமைக் கூப்பிடுவேன்” என்றான் கடைசியில். “அவன் ஒரு பக்கம் பிடிப்பான்.”

ரோட்டோரம் நின்ற குட்டிக் காரையும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒல்லியாக உட்கார்ந்திருந்த ஹைதமையும் கிளெர்மோன் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் அந்தத் தண்ணீர் கொஞ்ச நேரம் நின்றதை அயித்தே பார்த்தான்.

“கயேத்தான் அத்தை செத்துட்டான்னு சொல்லுவான், ஆத்தா செத்துட்டான்னுகூடச் சொல்லுவான்” என்றார் கிளெர்மோன். “ஆனா பெட்டை மூஸுக்குக் கொம்பு இருக்குன்னு செத்தாலும் சொல்லமாட்டான். பெட்டைக்குக் கொம்பே கிடையாது, எந்த வேட்டைக்காரன் வாயிலயும் அது வராது. தம்பி, நீ நெசமாவே ஒண்ணும் தெரியாத ஆளு!”

வாழ்நாளில் யாரும் அயித்தேவை இவ்வளவு சந்தோஷமாகத் திட்டியதில்லை.

“திங்கட்கிழமை வா” என்றார். “பொய் சொன்னதுக்கு அறுபது நாள் உன்னை நல்லா வேலை வாங்குவேன். அறுபது நாள் சோதனைக் காலம் எல்லாருக்கும் உண்டு. முடிஞ்சப்புறம் நிரந்தரமா இல்லையான்னு நான்தான் எழுதணும். அதுக்குள்ள மூஸ் வாரம் வருது. கப்பலை நீ தனியா ஏத்தி அனுப்பணும். ஒரு அறையைக் கோட்டை விட்டேன்னு வெச்சுக்கோ, நேரே பிஸ்கெட்டுக்குப் போயிடலாம்.”

பிஸ்கெட் விஷயமும் மர்ஜொலேன் வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. செட்-ஈலில் முதியோர் இல்லத்துச் சாப்பாட்டு மேஜைக்குத் தெரியாத ரகசியம் கிடையாது.

அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை துறைமுகம் காலியாகக் கிடந்தது. கப்பல் மட்டும் வந்து நின்றது, ஒன்பது அறை, நீளமான கப்பல். அயித்தே லோடரின் கண்ணாடி அறையில் ஏறி உட்கார்ந்தான். கீழே பெல்ட் உறுமியது. செந்தூள் எழுந்தது. நாலு வாரம் கிளெர்மோன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார், இப்போது முதுகு லேசாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

போன் அடித்தது. காட்டிலிருந்து கிளெர்மோன்.

“மூணாம் அறை ஆயிடுச்சா?”

“ஆகுது முசியே.”

“காத்து எந்தப் பக்கம்?”

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன். காட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஒவ்வொரு தடவையும் கிளெர்மோன் பாறைமேல் ஏறிநின்று கத்தவேண்டியிருந்தது. ஆழக் கோட்டைப் பார்த்தாயா, பெல்ட்டுக்கு எண்ணெய் பார்த்தாயா, மாலுமி என்ன சொன்னான், சாப்பிட்டாயா. செவ்வாய்க்கிழமையும் இதே கதை. புதன்கிழமை, ஏழாம் அறையில் கை வைத்திருக்கும்போது, கப்பல் ஒரு விரல்கடை சாய்ந்தது. காற்று திரும்பியிருந்தது. உடனே எட்டுக்குப் போகவேண்டுமா, ஏழாவதை முடிக்கவேண்டுமா? அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

“ஏழாம் அறை...” என்று ஆரம்பித்தார் கிளெர்மோன்.

“முசியே ஜோம்ஃப்,” என்றான் அயித்தே, “நீங்க காட்டுக்குப் போயிருக்கீங்களா, கப்பலுக்கு வந்திருக்கீங்களா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான்.

“என் கையில லோடர் இருக்கு. கப்பல் சாயுது. உங்களோட பேசிக்கிட்டே என்னால நிமிர்த்த முடியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் போனை அணைச்சு வைக்கப் போறேன். ஏதாவது கெட்டா வந்து திட்டுங்க.”

அணைத்துவிட்டான். அணைத்த பிறகுதான் உறைத்தது. என்ன காரியம் செய்தோம், ஃபோர்மேனை, அதுவும் சோதனைக் காலத்தில்! டெலாலி கேட்டால் என்ன சொல்வாள்? ஆனால் யோசிக்க நேரமில்லை. லோடர் கையை மெதுவாகத் தூக்கி ஐந்தாம் அறைக்குக் கொண்டுபோனான், கொஞ்சம் கொட்டினான், கோட்டைப் பார்த்தான், பிறகு இரண்டுக்குப் போனான். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம். கப்பல் பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது. அயித்தே தன்னையறியாமல் பாட ஆரம்பித்திருந்தான். இந்த ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாகத் தன் கை தன்னுடையதாக இருந்தது. சந்தோஷத்தில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது, யாரும் இல்லை என்பதால் நன்றாகவே அழுதான். வெள்ளி மத்தியானம் கப்பல் கிளம்பியது, சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி முன்னால்.

திங்கட்கிழமை காலை ஓய்வறையில் எல்லாரும் கூடினார்கள். முகமெல்லாம் ஒரு வாரத் தாடி, வாயெல்லாம் பொய். கயேத்தான் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து அயித்தே முன்னால் வைத்தான். உறைந்த மூஸ் கறி, இரண்டு கிலோ இருக்கும். லோடர் ஓட்டுகிற மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொன்று வைத்தார்கள்.

“எனக்கெதுக்கு?”

“ஊர்ல நின்னு கப்பலைப் பார்த்தவனுக்கு ஒரு பங்கு. இங்க அதுதான் வழக்கம்” என்றான் கயேத்தான். “பதினாறு வருஷமா கிளெர்மோன்தான் வாங்கித் தின்னாரு.”

கிளெர்மோன் மூலையில் காபியோடு உட்கார்ந்திருந்தார். அவர் எதுவும் கொண்டுவரவில்லை. அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை என்பது அறைக்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அதனால் யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. அயித்தேவுக்கு அது உறுத்தியது. தன்னால்தான். போன் போட்டுப் போட்டுக் கத்தி மூன்று நாள் போனது. அப்புறம் போனை அணைத்ததில் கவலையிலேயே மீதி இரண்டு நாளும் போயிருக்கும். அவன் ஒரு பொட்டலத்தை எடுத்து அவரிடம் நீட்டினான்.

“வேண்டாம்” என்றார் கிளெர்மோன். “போனவன் வாங்கக் கூடாது.”

“முசியே, புதன்கிழமை நான் பேசினது...”

“உக்காரு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நீ அணைச்சதும் பாறையில நின்னு கால் மணி நேரம் திட்டினேன். எல்லாத் திட்டும் தீர்ந்துபோச்சு. வேற வேலை இல்லாம உக்காந்தேன். வியாழக்கிழமை காலைல வந்துச்சு, தம்பி. நாப்பது அடி தூரத்துல. கொம்பு இவ்வளவு அகலம். ஏரியில இறங்கித் தண்ணி குடிச்சுது. மூக்குலேர்ந்து ஆவி. நான் பாட்டுக்குப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அது போய்க் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எனக்குத் துப்பாக்கி ஞாபகம் வந்துச்சு.”

“ஐயோ.”

“என்ன ஐயோ? பதினாறு வருஷம் கழிச்சுப் பார்த்தேன். அடுத்த வருஷம் சுடுவேன். இல்ல, அதுக்கு அடுத்த வருஷம்.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். மரீஸின் படிவம். அறுபது நாள் இன்னும் முடியவில்லை. ஆனாலும் மேலே அயித்தேவின் பேரை எழுதினார், ‘நிரந்தரம்’ என்ற கட்டத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டார். ‘காரணம்’ என்ற இடத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு எழுதினார். அயித்தே தலையைச் சாய்த்துப் படித்தான். வேட்டை சுத்தமாகத் தெரியாது என்று இருந்தது.

“முசியே, பதினொரு வருஷ அனுபவம்னு எழுதக் கூடாதா?”

“எழுதலாம்” என்றார் கிளெர்மோன். அதற்குக் கீழே, அதைவிடச் சின்ன எழுத்தில், அதையும் எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டு அவன் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். எவனாவது உன்னை வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன், கத்துக்கொடுக்கறேன்னு வந்தா, முதல்ல என்கிட்ட சொல்லு. அவன் காலை உடைக்கறேன்.”